எக்கோ பெட்டிக்குத் தைத்த உறை

நான் செய்த தப்பு ஒன்றை இன்னொரு மனிதர் தலையில் கட்டினேன். கட்டியதோடு நிற்காமல் அதற்கு வேதியியல் விளக்கமும் கொடுத்தேன். கல்லூரியில் வேதியியல் கற்பித்தவன் என்பதால் எல்லாரும் நம்பினார்கள். மாட்டிக்கொண்ட மனிதரும் நம்பினார். இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நல்லது. இல்லாவிட்டால் வேடிக்கையாக எதையாவது எழுதிக்கொண்டே போய், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் முடித்துவிடுவேன். என் சுபாவம் எனக்குத் தெரியும்.

போன ஆயுத பூஜையன்று காலையில் பால் வாங்கக் கிளம்பினேன். அடையாறில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில் அப்போதுதான் லிஃப்டைப் புதுப்பித்திருந்தார்கள். கண்ணாடி மாதிரி ஓர் எஃகுத் தகடு, அதில் மாடி எண்கள் போட்ட பொத்தான்கள். எங்கள் வாட்ச்மேன் விடியும்போதே குளித்து, மோட்டாருக்கும் ஜெனரேட்டருக்கும் பொட்டு வைத்துவிட்டு, அதே உற்சாகத்தில் லிஃப்டுக்குள்ளும் நுழைந்துவிட்டார். ஒவ்வொரு பொத்தான் மீதும் ஒரு சொட்டுச் சந்தனம், நடுவில் குங்குமம். எது எந்த மாடி என்பது சாமிக்குத்தான் வெளிச்சம்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர், நடைப்பயிற்சிக்குப் போகும் அரைக்கால் சட்டையோடு லிஃப்ட் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"அறிவிருக்காய்யா உனக்கு? புது பேனல்! எழுத்தெல்லாம் அழிஞ்சு போயிடும்."

"வருசத்துல ஒரு நாளு சார். அதுவும்தான் நமக்கு ஒழைக்குது," என்றார் வாட்ச்மேன்.

செயலாளர் என்னைப் பார்த்ததும் சாட்சி கிடைத்த வக்கீல் போல மலர்ந்தார். "சார், நீங்க கெமிஸ்ட்ரிதானே? நீங்களே சொல்லுங்க. குங்குமம் பட்டா எழுத்து போகுமா, போகாதா?"

ஏறக்குறைய இதே கேள்வியை முன்பு இன்னொருவர் என்னிடம் கேட்டிருக்கிறார். அப்போது வேறு பதில் சொன்னேன்.

"போகாது. ஈரத் துணியால துடைச்சாப் போதும். விளக்குப் பொடி போட்டுத் தேய்ச்சாத்தான் போகும்."

"விளக்குப் பொடியா? அதை எவன் சார் இதுல போட்டுத் தேய்ப்பான்?"

 என் கைக்குட்டையை நனைத்து நானே துடைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள் எல்லாம் பத்திரமாக வெளியே வந்தன. விரலில் மட்டும் சந்தன வாசனை தங்கிவிட்டது. அன்று முழுக்க அந்தக் கையால் எதை எடுத்தாலும் எனக்கு மந்தைவெளிக் கார் ஷெட்டின் வாசனைதான் வந்தது.

அந்தக் கார் ஷெட்டில் கார் கிடையாது. சுந்தரேசன் என்பவர் நடத்திய மெல்லிசைக் குழு அங்கே ஒத்திகை பார்க்கும். தொண்ணூறுகள். கல்யாண வரவேற்பு என்றால் மேடையில் பாட்டுக் கச்சேரி இருந்தே ஆக வேண்டிய காலம். சுந்தரேசன் பகலில் ஓர் அலுவலகத்தில் வேலை, சாயங்காலம் பாடகர். குழுவில் இருந்த எல்லாருக்கும் ஏதாவது ஒன்று பாட வரும், அல்லது வாசிக்க வரும். எனக்கு இரண்டும் வராது. தாளம் போட்டால்கூடப் பக்கத்தில் இருப்பவர்கள் என் கையைப் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் எனக்குத் திருகத் தெரியும். எந்தக் குமிழை எவ்வளவு திருப்பினால் மைக் கத்தாது என்பதைப் படித்தே கற்றுக்கொண்டேன். அதனால் ஒலியமைப்பு என் பொறுப்பு.

எங்களிடம் ஒரு ராக் இருந்தது. மேசை உயரத்துக்கு ஓர் இரும்புச் சட்டம். அதில் ஆம்ப்ளிஃபையர், ஈக்வலைசர் என்று ஒன்றின்மேல் ஒன்றாக, பீரோவில் இழுப்பறைகள் இருப்பதுபோல் அடுக்கியிருப்போம். ஒவ்வொரு கருவியின் முகத்திலும் இரண்டு பக்கமும் காது மாதிரி தகடு நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் காதில் திருகாணி போட்டுச் சட்டத்தோடு முடுக்க வேண்டும். அடுக்கின் உச்சியில் இருந்ததுதான் எக்கோ பெட்டி. சுந்தரேசனின் மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து சூட்கேஸில் புடவைகளுக்கு நடுவே சுற்றி எடுத்துவந்தது. கறுப்பு அலுமினிய முகம், வெள்ளை எழுத்து. அது இருந்தால் மொட்டை மாடியில் பாடினாலும் கோயில் மண்டபத்தில் பாடியது மாதிரி இருக்கும். அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. யாராவது கீறிவிட்டால்?

நீங்கள் சிரிக்கலாம். என் மனைவி சிரித்து முடித்துவிட்டாள். திருகாணியின் தலை அந்தக் காதில் வட்டமாகத் தழும்பு போடும் என்று கேள்விப்பட்டு, மேற்கு மாம்பலத்தில் குழாய்ச் சாமான் விற்கும் கடையில் பிளாஸ்டிக் வாஷர்களாகப் பொறுக்கினேன். கடைக்காரர் "எந்தக் குழாய் சார் ஒழுகுது?" என்று கேட்டார். "குழாய் இல்லீங்க, பாட்டு," என்றேன். அதன்பிறகு அவர் என்னிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டார். ராக் பக்கம் வருகிறவர்கள் மோதிரம், கைக்கடிகாரம், பெல்ட் கொக்கி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும் என்று விதி போட்டேன். எங்கள் தபேலாக்காரர், "பூணூலையும் கழட்டணுமா சார்?" என்று கேட்டார்.

பிறகு உறை. மயிலாப்பூரில் எனக்குச் சட்டை தைக்கும் தையல்காரரிடம் அளவுகளை எழுதிக் கொடுத்தேன். அவர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாருக்கு சார் இது? தோளும் இல்ல, இடுப்பும் இல்ல."

வெளியே ரெக்சின், உள்ளே என் மனைவியின் பழைய வெல்வெட் ரவிக்கைத் துணி, நடுவில் பஞ்சு. ரெக்சின் வாசனையும் பழைய வெல்வெட்டின் பாச்சை உருண்டை வாசனையும் கலந்து ஷெட் முழுக்க அடிக்கும். "குழந்தைக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கித் தாங்கோன்னு மூணு மார்கழியா சொல்லிண்டிருக்கேன். டப்பாவுக்கு வெல்வெட்ல போர்வை தெச்சுண்டு வந்திருக்கேளே," என்றாள் மனைவி. இதில் ஒரு சின்ன விவரம். அந்த உறைக்கு ஜிப் வைத்திருந்தேன். எக்கோ பெட்டியின் மேல்தகட்டில் விழுந்த முதல் கீறல், அந்த ஜிப் போட்டது. அதை யாருக்கும் காட்டாமல், ஜிப்பைப் பிரித்துவிட்டு நாடா வைத்துத் தைக்கச் சொன்னேன். என் வாழ்க்கையில் பாதி நேரம், காப்பாற்றப் போய்க் கெடுத்ததை மறைப்பதில் போயிருக்கிறது.

லூர்துராஜ் வந்தது அந்தச் சமயத்தில்தான். பேஸ் கிதார் வாசிப்பார். சாந்தோம் பக்கத்துக் கடற்கரைக் குப்பத்துக்காரர். அவருடைய அம்மா கலங்கரை விளக்கத்துக்கு அருகே மீன் விற்றார். என்னைவிடப் பத்து வயது இளையவர். அப்போது நான் அவரை அவன், இவன் என்றுதான் சொல்வேன். இப்போது எழுதும்போது கை தானாக 'அவர்' என்று போடுகிறது. வந்த முதல் நாளே, கஞ்சி போட்ட சட்டையில் நான் ராக் முன்னால் விறைத்து நிற்பதைப் பார்த்து, "நைனா, கொஞ்சம் நவுரு. என் ஒயரு மேல நிக்கிற," என்றார்.

ஷெட்டில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எல்லாரும் என்னை 'சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். சுந்தரேசன்கூட 'புரொபசர்' என்பார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் யாரோ சட்டைக் காலரைத் தளர்த்திவிட்டது மாதிரி இருந்தது. நான் நகர்ந்தேன். அன்றிலிருந்து நான் நைனா. எங்கள் வீட்டு 'ஆத்துல', 'போயிண்டு'க்கு நடுவே இந்தச் சொல்லுக்கு இடமே இல்லை. என்னை அப்படிக் கூப்பிட்ட ஆள் உலகத்தில் அவர் ஒருவர்தான்.

என் உறையை அவர் விட்டுவைக்கவில்லை. "இன்னா நைனா, பொட்டிக்கு ஜுரமா? போத்திக்கினு கீது." இன்னொரு நாள், "மூஞ்சிய மூடி வெச்சிக்கீறியே, பொண்ணு பாக்க வராங்களா?" நான் இல்லாதபோது நாடா முடிச்சைப் பூப்போல மாற்றிக் கட்டி வைத்துவிடுவார். ஆனால் மோதிரம் கழற்றும் விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்தவரும் அவர் ஒருவர்தான். சிலுவை போட்ட ஒரு வெள்ளி மோதிரம். கழற்றி என் சட்டைப் பையில் போடுவார். போகும்போது கையை நீட்டி வாங்கிக்கொள்வார். சில நாள் நான் மறந்து வீட்டுக்கு எடுத்துவந்துவிடுவேன்.

புதுச் சாமான் முகத்தில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்குமே, எக்கோ பெட்டியிலும் இருந்தது. நான் அதை உரிக்கவில்லை. மாதங்கள் ஆயின. தாள் பழுத்து, கொப்புளம் விட்டு, எழுத்துகள் மூடுபனிக்குள் தெரிவதுபோல் ஆயின. சுந்தரேசன் திட்டினார். லூர்து தினமும் கெஞ்சுவார். "நைனா, அந்தத் தோல உரிச்சிடவா? கை அரிக்குது நைனா." கடைசியில் ஒருநாள் என் மனம் இளகியது. "சரி, நீயே உரி," என்றேன். அவர் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு மூலையை நகத்தால் நெம்பி, மூச்சைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். உள்ளே கறுப்பு மின்னியது. எழுத்துகள் நேற்று எழுதியவை போல் இருந்தன. ஷெட்டில் எல்லாரும் கைதட்டினார்கள். உரித்த தாளைத் தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டு லூர்து ஓர் ஆட்டம் போட்டார். என் வாழ்க்கையில் இப்படிப்பட்ட சாயங்காலங்கள் அதிகம் இல்லை.

அந்த வருடத்து ஆயுத பூஜையன்று ஒத்திகை இல்லை. நான் என் புத்தகங்களுக்கும் மனைவியின் தையல் இயந்திரத்துக்கும் பொட்டு வைத்துக் கும்பிட்டேன். ராக்கை நினைக்கவே இல்லை. நினைத்திருந்தாலும் வைத்திருக்க மாட்டேன், கறை படியும். மறுநாள் விஜயதசமி. தி. நகரில் ஒரு மண்டபத்தில் சாயங்காலம் கச்சேரி. காலையில் ஷெட்டைத் திறந்து உறையை எடுத்தேன். ஒவ்வொரு கருவியின் நெற்றியிலும் நேராக, நடு மத்தியில் ஒரு சந்தனப் பொட்டு, மேலே குங்குமம். எக்கோ பெட்டிக்கு மட்டும் செல்லப் பிள்ளைக்கு வைப்பதுபோல் பெரியதாக. சட்டத்தைச் சுற்றி ஒரு முழம் சாமந்தி. அதன்மேல் என் உறையை மடிப்புக் கலையாமல் போர்த்தி, நாடாவைப் பூப்போல முடிந்திருந்தது. யார் வேலை என்று கேட்க வேண்டியதில்லை.

எனக்கு அந்த அன்பு தெரியவில்லை. கறைதான் தெரிந்தது. மற்ற கருவிகளில் ஈரத் துணியில் போய்விட்டது. எக்கோ பெட்டியில் மட்டும் சிவப்பாக ஒரு வட்டம் நின்றது. இன்னும் இரண்டு தடவை துடைத்திருந்தால் போயிருக்கும். அல்லது அப்படியே விட்டிருக்கலாம். நான் அதைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு, அப்போது மயிலாப்பூரில் இருந்த எங்கள் வீட்டுக்கு நடந்தேன். சமையலறைத் தொட்டியருகே, மனைவி பித்தளை விளக்கு துலக்கும் பொடி இருந்தது. புளிப்பும் நறநறப்பும் கலந்த பொடி. அலுமினியத்தின்மேல், அதுவும் அச்சடித்த எழுத்தின்மேல், அமிலத்தையும் மணலையும் வைத்துத் தேய்க்கலாமா என்று என் மாணவர்களிடம் கேட்டால், கடைசி பெஞ்சுக்காரன்கூட வேண்டாம் என்பான். நான் தேய்த்தேன். எலுமிச்சை வாசனை குப்பென்று வந்தது. கறை போயிற்று. மகிழ்ந்துபோய் இன்னும் கொஞ்சம் தேய்த்தேன். கட்டை விரலைத் தூக்கிப் பார்த்தால் அதில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. அது எழுத்து. கழுவிப் பார்த்தபோது கறுப்பு முகம் சாம்பல் பூத்து, குமிழ்களைச் சுற்றி ஒரு சொல்கூட இல்லாமல் மொட்டையாக இருந்தது.

குமிழ்களின் இடம் எனக்கு மனப்பாடம் என்று என்னையே தேற்றிக்கொண்டு, அதைக் கொண்டுபோய் மறுபடி முடுக்கினேன். பிளாஸ்டிக் வாஷர் மறக்காமல் போட்டேன்.

மண்டபத்தில் லூர்து சிரித்துக்கொண்டே ஓடிவந்தார். "பாத்தியா நைனா? நேத்து பொட்டு வெச்சிட்டு போனேன். ஊர்ல ஆட்டோக்கு, தச்சன் உளிக்கு, எல்லாத்துக்கும் வெச்சிக்கீறாங்க. நம்ம பொட்டி மட்டும் மூளியா கெடந்துச்சி."

"பாத்தேன்," என்றேன். பெட்டியின் முகத்தை என் உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றேன்.

மனப்பாடம் எல்லாம் பரீட்சைக்குத்தான் உதவும். அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்து, "மணமக்களை வாழ்த்தி" என்று தொடங்கினார். "வாழ்த்தி, வாழ்த்தி, வாழ்த்தி, த்தி, த்தி, த்தி" என்று மண்டபம் முழுக்க உருண்டது. நான் குறைப்பதற்காக ஒரு குமிழைத் திருப்பினேன். அது கூட்டுகிற குமிழ். 'த்தி' மேலும் பலமாகத் திரும்பி வந்து ஓலமிட்டது. மாப்பிள்ளையின் மாமா மேடையோரம் வந்து, "என்னங்க, கல்யாணத்தை மலை உச்சியிலயா வெச்சிருக்கோம்?" என்று கேட்டார். கடைசியில் பெட்டியையே அணைத்தேன். எக்கோ இல்லாமல் சுந்தரேசனின் குரல் குளியலறையிலிருந்து வருவதுபோல் இருந்தது. அவர் அதை மன்னிக்கக்கூடியவர் இல்லை.

பந்தி நடந்துகொண்டிருந்தபோது மேடைக்குப் பின்னால் எல்லாரையும் கூட்டினார். பெட்டியைத் தானே பார்த்தார். "எழுத்தெல்லாம் எங்கய்யா?"

நான்தான் அழித்தேன் என்று சொல்ல இரண்டு சொற்கள் போதும். நான் பேராசிரியர் குரலில் நிறையச் சொற்கள் சொன்னேன்.

"நேத்து ஆயுத பூஜைக்கு இதுமேல பொட்டு வெச்சிருக்கு. குங்குமத்துல மஞ்சளோட சுண்ணாம்பு கலப்பாங்க. சுண்ணாம்பு காரம். அலுமினியத்துக்குக் காரம் ஆகாது."

கவனியுங்கள். இதில் ஒரு வாக்கியம்கூடப் பொய் இல்லை. அதைத்தான் பல வருடங்கள் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அதாவது குங்குமம் பட்டா எழுத்து போகுமா, போகாதா? அதச் சொல்லுங்க புரொபசர்."

"போக வாய்ப்பிருக்கு," என்றேன்.

சுந்தரேசன் எங்களைச் சுற்றிப் பார்த்தார். "யாரு வெச்சது?"

"நாந்தான்," என்றார் லூர்து. அவர் என்னைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்கெதுக்குய்யா ஆயுத பூஜை?" என்றார் சுந்தரேசன்.

யாரும் எதுவும் சொல்லவில்லை. பந்தியில் யாரோ சாம்பார் கேட்பது காதில் விழுந்தது. லூர்து என் பக்கம் திரும்பினார். "தெரியாம வெச்சிட்டேன். தப்புதான் சார்," என்றார்.

என்னிடம்தான் சொன்னார். சார் என்று.

அடுத்த ஒத்திகைக்கு ஒரு சின்னப் புட்டியோடு வந்தார். "தங்கச்சியோட நெயில் பாலிசு சார். வெள்ள கலரு. எது எங்க இருந்துச்சின்னு சொன்னீங்கன்னா எழுதிக் குடுத்துடுறேன்." அவர் கை பெட்டியில் பட்டால் என் குட்டு உடைந்துவிடும் என்று எனக்கு ஒரு மூடத்தனமான பயம். "வேண்டாம், விடு," என்றேன். அவர் புட்டியைப் பையில் போட்டுக்கொண்டார். மோதிரத்தை என் சட்டைப் பையில் போடவில்லை. ராக் பக்கமே வராததால் கழற்ற வேண்டியிருக்கவில்லை. கொஞ்ச நாளில் கீபோர்டுக்காரரே இடது கையால் பேஸையும் வாசிக்கலாம் என்று சுந்தரேசன் கண்டுபிடித்தார். லூர்து வருவது நின்றது.

என் மனைவி மட்டும் பொடி டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டாள். "பாதிப் பொடியைக் காணோம். எதைத் தேய்ச்சேள்?" என்று கேட்டாள். சொன்னேன். கச்சேரியில் நடந்ததையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. சில நாள் கழித்து, "அந்தப் பையன்கிட்ட சொல்லிட்டேளா?" என்றாள். "சொல்லிட்டேன்," என்றேன். அதில் உண்மையான வாக்கியம் ஒன்றுகூட இல்லை.

பிறகு மடிக்கணினியில் இசையைப் பதிந்து வைத்துக்கொண்டு பாடும் காலம் வந்தது. மேடையில் அத்தனை பேர் தேவைப்படவில்லை. குழு கலைந்தது. எழுத்தில்லாத எக்கோ பெட்டி யாருக்கும் வேண்டாமல் என்னிடம் வந்தது. மயிலாப்பூர் வீட்டுப் பரணில், பிறகு அடையாறு அடுக்ககத்துப் பரணில், உறைக்குள் பத்திரமாக இருந்தது. அந்த உறைக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் பையும் போட்டிருந்தேன்.

லிஃப்டைத் துடைத்த அன்று அதை இறக்கினேன். மனைவி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். லூர்துவிடம் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றேன். "அப்போ சொல்லலையா நீங்க?" என்றாள். "இல்லை." நாற்காலியை விட்டுவிட்டுப் போய்விட்டாள். நானே இறங்கினேன்.

பரிகாரம் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் எளிதான பக்கத்திலிருந்துதான் தொடங்குவார்கள். நானும் அப்படித்தான். அன்று மேடைக்குப் பின்னால் இருந்தவர்களிடம் உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று தொலைபேசியை எடுத்தேன். சுந்தரேசன் காலமாகிவிட்டார். கீபோர்டுக்காரர் வெளியூரில் மகள் வீட்டில் இருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு எல்லாவற்றையும் ஒப்பித்தேன். "எந்த எக்கோ சார்? நம்மகிட்ட எக்கோ இருந்துதா?" என்றார். தபேலாக்காரர் நான் வீட்டுக் கல்யாணத்துக்கு அழைக்கிறேன் என்று எண்ணி, தேதி கேட்டார். நான் இத்தனை வருடம் சுமந்த பாவத்துக்கு ஒரு சாட்சிகூட மிச்சமில்லை.

குமிழ்களுக்குச் சிறு ஒட்டுத்தாள்களில் எழுத்து அச்சடித்து ஒட்டினேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் கலங்கரை விளக்கத்துக்குப் போனேன். மீன் விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம் விசாரித்தேன்.

"லூர்து அண்ணனா? பொண்ணு வூட்டோட பெருங்குடி போயிட்டாரே. ஞாயித்துக்கெழம கோயிலுக்கு வருவாரு, பாட்டுக்கு கிட்டாரு வாசிக்க. மீனு வாங்கல?"

ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு மறுபடி போய், குப்பத்துச் சின்னக் கிறிஸ்தவக் கோயிலின் பக்கவாட்டு வராந்தாவில் அவரைப் பார்த்தேன். தலை முழுக்க நரை. மடியில் கிதார். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். பெட்டியை அதைவிட முன்னால் அடையாளம் கண்டுகொண்டார்.

"இன்னும் போர்வ போத்திக்கினுதான் கீதா?" என்றார்.

நான் உட்காரவில்லை. வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததைச் சொன்னேன். பொட்டால் எழுத்து போகவில்லை, நான்தான் தேய்த்து அழித்தேன், பழியை உன்மேல் போட்டேன் என்றேன்.

"எதால தேச்சீங்க?"

"விளக்குப் பொடி."

"வெளக்கு தேக்கிற பொடியா?" அவர் சிரித்தார். கிதார் மடியில் குலுங்கியது. "ஐயோ! கெமிஸ்ட்ரி வாத்தியாரு, வெளக்குப் பொடி!" சிரித்துச் சிரித்து இருமல் வந்தது.  முடிந்தது, இவ்வளவுதான் என்று நினைத்தேன்.

இருமல் நின்றதும் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பொட்டி போனா போவுது சார். நாந்தான் கெடுத்தேன்னே நெனச்சிக்கினு இருந்தேன், பரவால்ல. அதுக்கா வராம நின்னேன்? சுந்தரேசன் சார் அன்னிக்கு ஒண்ணு கேட்டாரே, உனக்கெதுக்கு ஆயுத பூஜைன்னு."

"ஆமாம்."

"அப்ப நீங்க பக்கத்துலதான நின்னீங்க?"

"நின்னேன்."

"ஒண்ணியும் சொல்லல."

"சொல்லல."

"அதான் சார்," என்றார்.

நான் இத்தனை காலமாக வேறு ஒரு குற்றத்தைத் துடைத்துப் பளபளப்பாக்கி வைத்திருந்திருக்கிறேன். அவரிடம் இருந்தது இன்னொன்று. பொடியைப் பற்றிப் பேச எனக்கு வாக்கியங்கள் இருந்தன. இதற்கு ஒன்றும் இல்லை. "தப்பு லூர்து," என்று மட்டும் சொன்னேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. வரும் ஆயுத பூஜைக்கு இந்தப் பெட்டிக்கு நீ பொட்டு வைக்க வேண்டும் என்று, அசட்டுத்தனமாக, கேட்டேன்.

"உங்க மனசு ஆறணும்னு நான் பொட்டு வெக்கணுமா? வேணா சார்." கோபமாகச் சொல்லவில்லை. பிறகு பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இது வேல செய்யுதா?"

"தெரியல. மூடியே வெச்சிருந்தேன்."

"அப்ப மூச்சு முட்டி செத்திருக்கும்." நாடாவை அவிழ்த்து, உறையைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "இத நீங்களே வெச்சிக்கங்க." பிளக்கைச் சொருகினார். உஸ் என்று ஒரு மூச்சு வந்தது. பிறகு ஒரு சிவப்புப் புள்ளி எரிந்தது.

போன மாதம் மறுபடி போனேன். பூசை முடிந்து பாடற்குழுவினர் வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். எக்கோ பெட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வெறும் உடம்போடு இருந்தது. முகமெல்லாம் புதுக் கீறல்கள், மேலே டம்ளர் வைத்த வட்டங்கள். நான் ஒட்டிய தாள்கள் கடல் காற்றில் உரிந்துபோய்விட்டன. அவை இருந்த இடத்தில் வெள்ளை நெயில் பாலிஷால், கோணல் மாணலாக, 'குரல்', 'கூட்டு', 'குறை' என்று எழுதியிருந்தது.

"யாரு தாத்தா நீங்க?" என்றாள் பாடுகிற பெண் ஒருத்தி.

"சாரு நம்ம பழைய ட்ரூப்பு," என்றார் லூர்து. "பொட்டிக்கு வெல்வெட்டுல சட்ட தெச்சிப் போட்டவரு." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் கையில் ஒரு டம்ளர் டீ கொடுத்தார். நன்றாகச் சுட்டது. வைப்பதற்கு இடம் தேடினேன்.

"பொட்டி மேல வைங்க. ஒண்ணியும் ஆவாது."

வைத்தேன். ஈரமாக ஒரு வட்டம் விழுந்தது, துடைக்கவில்லை. டம்ளரை மறுபடி எடுத்து மெதுவாகக் குடித்தேன், அந்தப் பழைய சொல் வருமோ என்று. ஷெட் போயிற்று, குழு போயிற்று, மேடையில் ஆட்கள் நிறைந்து நின்ற காலம் போயிற்று. அவற்றுக்கெல்லாம் நான் காரணமில்லை. டீ தீர்ந்ததும் லூர்து டம்ளரை வாங்கிக்கொண்டு கேட்வரை வந்து, ஆட்டோ பிடித்துக் கொடுத்தார்.

"பாத்துப் போங்க சார்," என்றார்.